பொருள் எண் பதினான்கு

நீடாமங்கலம் கேட் சாத்தியிருக்கிறது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
போவதா நிற்பதா என்று யோசிக்கிறது.
நாற்பது நிமிடமாகப் பேருந்தில்
பதினோரு கோரிக்கைகளை மடியில் வைத்துத்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.
'கோருகிறோம்' என்பதை
'வேண்டுகிறோம்' என்று மாற்றினேன்.
ரயில் நகரவில்லை.
மறுபடி 'கோருகிறோம்'.

தஞ்சாவூரில் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு.
நூற்றுப்பத்து மனநல மருத்துவர்கள்,
வாசலில் மாத்திரைக் கம்பெனியின் பேனாவும் பையும்.
நிகழ்ச்சி நிரலில் பதின்மூன்று: கட்டட நிதி.
பதினான்கு: முதுநிலை மாணவர் பிரதிநிதி, மூன்று நிமிடம்.
பதினைந்து: நன்றியுரை, உணவு.

நான் பிரதிநிதியானது பெரிய கதையில்லை.
வேறு யாரும் நிற்கவில்லை.
திருவாரூர் விடுதியில் இட்லி வரிசையில்
"நீதான்க்கா நல்லா சண்டை போடுவே" என்றாள் நஸ்ரின்.
சட்னி தீர்வதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது.

முப்பத்தாறு மணி நேரப் பணி,
நான்கு மாதமாக வராத உதவித்தொகை,
நோயாளியின் தம்பி ஸ்டூலை எறிந்த இரவில்
கீழ்த்தளத்தில் தூங்கிய ஒரே காவலர்
இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை.
ஏழாவதை மட்டும்
நான் யாரிடமும் வாசித்துக் காட்டவில்லை.

எங்களுக்குத் தூக்கம் வராமல் போனால்
நாங்கள் போய் உட்காரவேண்டிய
மேசைக்கு அந்தப் பக்கம்
எங்கள் தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார்.
ஆகையால் விடுப்புக் கடிதத்தில்
வயிற்றுவலி என்று எழுதுகிறோம்.

ரியாசுதீன் மூன்று முறை எழுதினான்.
நான்காவது முறை எழுதவில்லை,
பெட்டியைக் கட்டிவிட்டான்.
இப்போது முத்துப்பேட்டையில் அவன் மாமாவின் உரக்கடை.
எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்துமூன்று பேர்,
அவனையும் சேர்த்து.
நீக்கியிருக்க வேண்டும்.
அட்மின் நான்தான்.

கிரானைட்டா டைல்ஸா என்பதில்
பதின்மூன்று ஒரு மணி நேரம் ஓடியது.
பின்னால் அப்பளம் பொரியும் வாசனை.
"ரெண்டே நிமிஷம்மா" என்றார் தலைவர் ஆராவமுதன்,
அன்பாகத்தான்.

தாளை மடித்துவிட்டு
ஏழாவதை மட்டும் சொன்னேன்.

மௌனத்தை அளந்து
சம்பளம் வாங்குகிறவர்கள் நிறைந்த கூடம்.
அதை அப்படியே விட்டுவைத்தார்கள்.
மூன்றாம் வரிசையில் டாக்டர் ஃபிலோமினா எழுந்து
"எண்பத்தொன்பதில் நானும்
வயிற்றுவலின்னுதான் எழுதினேன்" என்றார்.
"பதிவு செய்யட்டுமா மேடம்?" செயலாளர் கேட்டார்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"வேண்டாம்" என்று உட்கார்ந்தார்.

குழு அமைத்தார்கள்.
மூன்று பேர்.
இரண்டு பேர் தேர்வாளர்கள்.

நான்காவதாக மாணவர் ஒருவர் வேண்டும் என்றேன்.
பரிசீலிப்போம் என்றார்கள்.
எழுதுங்கள் என்றேன்.
சாப்பாடு ஆறுகிறது என்றார் யாரோ.
ஆறட்டும் என்று
நான் சொன்னதாக இப்போது சொல்கிறார்கள்,
எனக்கு நினைவில்லை.
செயலாளரின் பேனா அசையும்வரை
மைக் என் கையில்தான் இருந்தது,
அது வியர்வையில் வழுக்கியது,
அது நினைவிருக்கிறது.

திரும்பும்போதும் கேட் சாத்தித்தான் கிடக்கிறது.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்
ஜன்னல் ஜன்னலாக வருகிறார்.
ரியாசின் குரல் செய்தி:
பின்னால் யாரோ யூரியா விலை கேட்கிறார்கள்,
தராசு டங்கென்று வைக்கப்படுகிறது.
"என்ன பிரதிநிதி,
கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?"

'வரும்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'வாய்க்கால் வரைக்கும்'.
அதையும் அழித்தேன்.
'முறை வெச்சிருக்காங்க.
முறைக்காரங்க பட்டியல்ல நம்ம பேரும் இருக்கு.'

நீல டிக் விழுந்தது.
அவன் ஏதோ டைப் செய்கிறான்,
நிறுத்துகிறான்,
மறுபடி செய்கிறான்.
எட்டு மணிக்கு எனக்கு வார்டு.
கேட் தூக்குகிறார்கள்,
எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கிறது,
திரையைப் பார்த்தபடி இருக்கிறேன்.